தக்காளித் தொக்கு: மாதக்கணக்கில் பாட்டிலில் நிற்கும்படி செய்வது எப்படி

தக்காளி விலை சரிந்து கிடக்கும் வாரங்களில் செய்து வைத்துக்கொள்ள வேண்டியது இது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் தக்காளி விற்கத் தொடங்கினார்களே, அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் தோசைக்கும் தயிர் சாதத்துக்கும் தொக்கு பாட்டில்தான் கைகொடுத்தது.

இரண்டு நாளில் தீர்த்துவிடப்போகும் தொக்கு என்றால் எப்படிச் செய்தாலும் சரி. மூன்று மாதம் நிற்க வேண்டும் என்றால்தான் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வேண்டியவை

தக்காளி 2 கிலோ, கொட்டையும் நாரும் நீக்கிய புளி 100 கிராம், கல் உப்பு 80 கிராம், மிளகாய்த்தூள் 60 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி, கடுகு 15 கிராம், வெந்தயம் 10 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெல்லம் ஒரு சிறு துண்டு. தாளிக்கத் தனியாகக் கொஞ்சம் கடுகு. கடைசியில் சுமார் ஒரு கிலோ தொக்கு கிடைக்கும்.

உப்பையும் புளியையும் கண்ணளவில் போடாதீர்கள், எடை போட்டே போடுங்கள். இவை இரண்டும் ருசிக்காக மட்டும் சேர்பவை அல்ல. தொக்கைக் கெடாமல் வைத்திருப்பதே இவைதான். மிளகாய்த்தூள் தனி மிளகாய்த்தூளாக இருக்கட்டும். மல்லியும் பருப்பும் சேர்த்து அரைத்த குழம்புத்தூள் இதற்கு ஆகாது. புளி புதுப்புளியாக இருந்தால் தொக்கு சிவப்பாக வரும். பழம்புளி போட்டால் ருசி குறையாது, நிறம்தான் கறுத்துப்போகும்.

தக்காளியில் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் சாறும் அதிகம், வற்ற நேரமாகும். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு குறைவு. பாதிக்குப் பாதி கலந்து போடுவது எனக்குப் பிடிக்கும். தேனி, பெரியகுளம் பக்கம் இருப்பவர்களுக்குப் பி.கே.எம். 1 ரகத் தக்காளி கிடைத்தால் அதையே முழுதும் போடலாம். தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சியின் நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய ரகம் அது. எந்த ரகமானாலும் கெட்டியான, நன்றாகப் பழுத்த பழமாக இருக்க வேண்டும். அடிபட்டு நீர் கசிகிற பழம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதை அன்றைய குழம்புக்குப் போடலாம், பாட்டிலுக்கு வேண்டாம்.

பாத்திரம்

அகலமான, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம்தான் என் தேர்வு. வாய் அகலமாக இருந்தால் நீர் சீக்கிரம் வற்றும். இரும்புச் சட்டி கூடவே கூடாது: புளிப்பு பட்டால் இரும்பு கரைந்து தொக்கில் இறங்கும், நிறம் கறுக்கும், நாக்கில் ஒரு உலோக ருசி நிற்கும். அலுமினியமும் இதே கதைதான். பித்தளை உருளி வெள்ளீயம் பூசியதாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். நீளக் காம்புள்ள மரக்கரண்டி கட்டாயம் வேண்டும். ஏன் என்று தொக்கு கொதித்துத் தெறிக்க ஆரம்பித்ததும் தெரியும்.

இன்னொன்று, சமையலறைத் தராசு. ஐந்து கிலோ வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். எதற்கு என்று கீழே சொல்கிறேன். வேலையைத் தொடங்கும் முன் வெறும் பாத்திரத்தையும் மரக்கரண்டியையும் சேர்த்து எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: வேகவைத்து அரைப்பது

தக்காளியைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, காம்புப் பகுதியை நீக்கி, நான்காக நறுக்கிப் பாத்திரத்தில் போடுங்கள். உப்பு, மஞ்சள்தூள், பிய்த்துப் போட்ட புளி எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துவிடலாம். சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது தானாக வெளியே வரும். புளியைத் தனியாக ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால், அந்தத் தண்ணீரையும் சேர்த்து நாம்தான் வற்ற வைக்க வேண்டும்.

மூடாமல் மிதமான தீயில் வைத்து, பழம் குழைந்து நீர் பாதிக்கு மேல் வற்றும்வரை விடுங்கள். ஆறியதும் மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி ஜாடியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டு அலசி ஊற்றும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இன்று ஒரு நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

புளிப்பைச் சோதிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் செய்யலாம். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் பி.எச். காகிதம் கிடைக்கிறது. பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அரைத்த விழுதில் தொட்டுப் பாருங்கள். தக்காளியின் பி.எச். பொதுவாக 4.3 முதல் 4.9 வரை இருக்கும். பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி 4.6க்குக் கீழே வளராது. அதாவது தக்காளியை மட்டும் நம்ப முடியாது, சில பழங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். புளி சேர்ப்பதே அதனால்தான். 4 அல்லது அதற்குக் கீழே காட்டினால் நிம்மதி. கூடக் காட்டினால் இன்னும் கொஞ்சம் புளி சேர்த்து அரையுங்கள். மஞ்சள்தூள் காகிதத்தின் நிறத்தைக் குழப்பும் என்பதால், சோதிக்கிறவர்கள் அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மிளகாய்த்தூள் போட்டபின் சோதிப்பதில் அர்த்தமே இல்லை.

இரண்டாம் கட்டம்: கிளறுவது

15 கிராம் கடுகையும் 10 கிராம் வெந்தயத்தையும் தனித்தனியாக வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். வெந்தயம் பொன்னிறமாகி வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

பாத்திரத்தில் எண்ணெயில் முக்கால் பங்கை ஊற்றி, காய்ந்ததும் பெருங்காயத்தைப் பொரியவிட்டு, கடுகு தாளித்து, தீயைக் குறைத்து விழுதைச் சேருங்கள். இனி இது எரிமலைதான். குமிழி வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் கையில் தெறிக்கும். தெறிக்கிறதே என்று தட்டுப்போட்டு மூடிவிடாதீர்கள், ஆவி நீராகித் திரும்ப உள்ளேயே விழும். எண்ணெய் தெறிக்காமலிருக்க வைக்கும் வலை மூடி இருந்தால் அது உத்தமம்.

விழுது நன்றாக இறுகிய பிறகு மிளகாய்த்தூள், வெல்லம். முதலிலேயே மிளகாய்த்தூளைப் போட்டால் அடியில் தீய்ந்து தொக்கு கறுத்துவிடும்.

எண்ணெய் பிரிவது: எந்தப் பிரிவு?

எல்லாக் குறிப்பிலும் "எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புதிதாகச் செய்கிறவர்களின் தொக்கு பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான். 300 மில்லி எண்ணெய் ஊற்றிய பாத்திரத்தில் பத்தாவது நிமிடமே ஓரத்தில் எண்ணெய் தெரியும். அது பொய்ப் பிரிவு. உள்ளே இன்னும் ஏகப்பட்ட தண்ணீர் இருக்கும்.

உண்மையான பதத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம். தண்ணீர் இருக்கும்வரை 'பொளக் பொளக்' என்று குமிழி வெடிக்கும். வற்ற வற்ற அந்தச் சத்தம் அடங்கி, எண்ணெயில் எதையோ வதக்குவதுபோல் மெல்லிய சலசலப்பு மட்டும் இருக்கும். ஓரத்து எண்ணெயைப் பாருங்கள்: கலங்கலாக இருந்தால் நீர் இருக்கிறது, கண்ணாடிபோல் தெளிந்து சிவந்திருந்தால் பதம் நெருங்கிவிட்டது. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். ஒரு தேக்கரண்டி தொக்கை உலர்ந்த தட்டில் வைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. சுற்றி எண்ணெய் மட்டும் கசிந்தால் சரி. நீர் வளையம் தெரிந்தால் இன்னும் கிளற வேண்டும்.

இதெல்லாம் கை பழகியவர்களுக்கு. புதியவர்களுக்கு நான் சொல்வது தராசுதான். அடுப்பை அணைத்து, தராசின் மேல் ஒரு மரப்பலகை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை இறக்குங்கள். பலகையின் எடையையும், முதலில் எழுதி வைத்த எடையையும் கழித்தால் வருவது தொக்கின் எடை. மேலே சொன்ன அளவுகளுக்கு அது ஒரு கிலோவுக்கு வந்திருக்க வேண்டும். 1,300 கிராம் காட்டினால் 300 கிராம் தண்ணீர் இன்னும் போக வேண்டும் என்று பொருள், மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் போக்குக் காட்டும் தொக்கு தராசை ஏமாற்ற முடியாது.

எடை சரியானதும் பொடித்த கடுகு, வெந்தயத்தைத் தூவிக் கிளறி இறக்கிவிடலாம்.

பாட்டில்

200 அல்லது 250 கிராம் பிடிக்கும் சிறு கண்ணாடி பாட்டில்களாக எடுங்கள். பெரிய பாட்டிலில் போட்டால், தினமும் திறந்து மூடுவதிலேயே பாதித் தொக்கு வீணாகும். பாட்டில்களைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் முழுக்கக் காய வையுங்கள். மூடியின் உள்பக்க வளையத்தில் ஒளிந்திருக்கும் ஈரத்தையும் பார்க்க வேண்டும். உள்பூச்சு உரிந்த தகர மூடி வேண்டாம், உப்பும் புளிப்பும் அதைத் துருப்பிடிக்க வைக்கும்.

தொக்கு முழுதும் ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்த நீர் மேற்பரப்பில் சொட்டும்; பூஞ்சை அங்கேதான் தொடங்கும். உலர்ந்த கரண்டியால் அழுத்தி அழுத்தி நிரப்பி, பாட்டிலை மேசையில் மெதுவாகத் தட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். மீதி எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து மேலே அரை விரல்கடை நிற்கும்படி ஊற்றி மூடுங்கள். நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சீசமால் போன்ற பொருள்கள் அதைச் சீக்கிரம் சிக்குவாடை அடிக்க விடாது. அதனால்தான் ரீஃபைண்டு எண்ணெய் பக்கம் நான் போவதில்லை.

வெளியே வைத்தால் ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு மாதம் நிற்கும். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

பிற்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுப் பலர் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

பூண்டு சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் முதல் கட்டத்திலேயே தக்காளி, புளியோடு போட்டு வேகவைத்து அரைத்துவிடுங்கள். புளிப்பில்லாத முழுப்பூண்டு காற்றுப் புகாத எண்ணெயில் மூழ்கிக் கிடப்பது பாட்டுலிசக் கிருமிக்குப் பிடித்த இடம். எண்ணெய் மூடியிருந்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை இங்கேதான் ஆபத்தாகிறது. எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும்; காற்றில்லாமல் வாழும் கிருமியைத் தடுப்பது புளிப்புதான்.

இரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைப் பாதியாக்கலாமா? ஆக்கலாம், ஆனால் அது வேறு பண்டம். அரை கிலோ தக்காளியில் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கனடாவிலிருந்து ஒருவர், மேசன் ஜாரில் (காற்றுப் புகாமல் சீல் ஆகும் கண்ணாடி ஜாடி) நிரப்பிக் கொதிநீரில் வைத்து 'கேனிங்' செய்து அலமாரியில் ஒரு வருடம் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். அந்த முறைக்கென்று சோதித்துத் தந்த குறிப்புகளில் இவ்வளவு எண்ணெய் இருக்காது. எண்ணெய் மூடியின் ரப்பரில் பட்டால் சீல் சரியாக உட்காராது, வெப்பம் உள்ளே பரவுவதும் மாறும். அங்கே இருப்பவர்களுக்கு ஃப்ரீஸர் சுலபம். பாட்டிலின் மேல்புறம் ஒரு அங்குலம் காலி விட்டு உறையவிடுங்கள்.

மேலே மட்டும் லேசாகப் பூஞ்சை இருக்கிறது, வழித்துவிட்டுச் சாப்பிடலாமா? கூடாது, பாட்டிலோடு போகட்டும். மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தாலும் ருசிகூடப் பார்க்க வேண்டாம்.

கசக்கிறது என்றவர்களுக்கு: வெந்தயம் கருகியிருக்கிறது. கூடுதலாக வெல்லம் போட்டுக் கொஞ்சம் மறைக்கலாம், போக்க முடியாது. அந்தத் தொக்கைத் தனியாகத் தொட்டுக்கொள்ளாமல், வெங்காயம் வதக்கித் தக்காளி சாதம் கிளறும்போது இரண்டு கரண்டி சேர்த்துவிடுங்கள், கசப்பு தெரியாது.