அழைப்பை எடுத்தவரின் அருகில் யார்? புதிய தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முற்றிய புற்றுநோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் மனைவிக்கோ மகனுக்கோ வாட்ஸ்அப்பிலும் சூமிலும் துணையாக இருப்பது எங்கள் வேலை. இலங்கையில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வரவே பகல் முடிந்துவிடும் குடும்பங்கள் இவை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசுவதை அண்மையில் கூட இருந்து கேட்டேன். பழைய தவறுகளே திரும்ப நடக்கின்றன. பொறுமையாகக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொன்னவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

அருகில் யார் என்று கேட்காமல் தொடங்குவது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. கணவரின் கட்டில் முன்னறையில். நோய் ஈரலுக்குப் பரவியது மனைவிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மனைவி கஞ்சி ஊட்டியபடியே தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். தன்னார்வலர் எடுத்த எடுப்பில், "அக்கா, எவ்வளவு காலம் என்று டொக்டர் ஏதும் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டார். கணவர் கரண்டியை விலக்கினார். அதன்பின் மனைவியோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். மனைவி எங்கள் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார். தன் நோயை அறியும் உரிமை கணவருக்கு முழுதாக உண்டு. ஆனால் வைத்தியர் பக்கத்தில் அமர்ந்து, அவர் கேட்க விரும்பும் அளவுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது.

இன்னொரு பாதிப்பு வெளியே தெரிவதே இல்லை. நோயாளியின் காதில் விழும் என்றால் பராமரிப்பவர் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். வலி மருந்து முடிந்ததைச் சொல்ல மாட்டார். இரவில் தூங்காததையும் சொல்ல மாட்டார். "நன்றாகச் சமாளிக்கிறார்" என்று நம் குறிப்பில் ஏறிவிடும். அந்த வீட்டுக்கு அடுத்த அழைப்பும் தள்ளிப்போகும்.

ஆகவே முதற்கேள்வி, "பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா?" என்பதுதான். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். இருக்கிறார் என்றால் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுங்கள். பராமரிப்பவர் பார்மசிக்கு நடந்து போகும் நேரத்தையோ மாடியில் உடுப்புக் காயப்போடும் நேரத்தையோ கேட்டு அப்போது எடுங்கள். தொலைபேசி யாருடையது என்பதையும் கேளுங்கள். சில வீடுகளில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் நோயாளியின் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே குரற்பதிவு அனுப்பாதீர்கள். பராமரிப்பவர்களுக்கான நம் வாட்ஸ்அப் குழுவின் பெயரில் "இறுதிநிலை" என்ற சொல்லும் வேண்டாம். பூட்டிய திரையிலும் அது தெரியும்.

"மோர்பின் என்றால் கடைசி" என்ற பேச்சை விட்டுவைப்பது

குழுவில் யாராவது எழுதினால் உடனே திருத்துங்கள். வலியின் அளவைப் பார்த்துத் தரும் மருந்து அது. அதை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். தொடர்வலிக்கு என்றால், வலி ஏறும்வரை காத்திராமல் வைத்தியர் குறித்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆரம்ப நாட்களின் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் அப்படித் தணியாது. மலமிளக்கி தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடியாக்கிவிடுகிறார்கள். பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அளவைக் கூட்டுவது, குறைப்பது பற்றிக் குழுவில் பேசவே வேண்டாம். அது கிளினிக்கில் கேட்க வேண்டியது.

இலைச்சாறு வைத்தியப் பார்வர்ட்கள்

அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள்.

நள்ளிரவு அவசரம்

குழுவில் எழுதிவிட்டுக் காத்திருக்க விடாதீர்கள். அம்புலன்ஸ் 1990, மனநல உதவி 1926. இரண்டும் குழுவின் மேற்பகுதியில் எப்போதும் தெரியட்டும்.

மரணத்தின் மறுநாளே பராமரித்தவரைக் குழுவிலிருந்து நீக்குவது

மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று சொல்லி இதைச் செய்கிறார்கள். இருப்பதா போவதா என்பதை அவரிடமே கேளுங்கள். முதல் வாரங்களில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகுதான் பலருக்குப் பேச ஆள் தேவைப்படுகிறது. அதற்குப் பிந்திய ஒரு நாளை இப்போதே குறித்து, யார் அழைப்பார் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.