விடிந்தும் பேசாத சோலார் இன்வெர்ட்டர்: கடலோர மண்டபம் ஊரில் என் அனுபவம்

மாடியில் இன்வெர்ட்டர், அங்கிருந்து ஆர்.எஸ்.485 ஒயரில் (ஏ, பி என்ற இரு கம்பியில் தகவல் போகும் இணைப்பு), மோட்பஸ் என்ற கருவிகளின் பேச்சுமுறை வழியாகக் கீழே ஹோம் அசிஸ்டண்ட், அதாவது வீட்டுக் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள். இராத்திரி பதில் வராதது சரிதான், வெயில் இல்லாவிட்டால் பல இன்வெர்ட்டர்கள் தூங்கிவிடும். ஆனால் விடிந்து, அதன் திரையில் யூனிட் ஏறத் தொடங்கிய பிறகும் ‘டைம் அவுட்’தான், அதாவது காத்திருந்தும் பதில் இல்லை. உச்சிவெயிலில் தானாகச் சரியாகிவிடும்.

பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), ஸ்லேவ் எண் (இன்வெர்ட்டரின் அடையாள எண்), ஏ-பி ஒயரை மாற்றிப் போடுவது, வேறு யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர்... எதற்கும் மசியவில்லை. ரெஜிஸ்டர் (கருவி தன் மதிப்புகளை வைத்திருக்கும் இடம்) முகவரி தப்போ? சன்ஸ்பெக் என்ற சோலார் கருவிகளுக்கான பொதுத் தரப்படி அமைந்த கருவியில் பெரும்பாலும் 40000-லிருந்து இரண்டு ரெஜிஸ்டர் படித்தால் 21365, 28243 என்ற அடையாள எண்கள் வரவேண்டும். (கையேடு 40001 என்றாலும் பல மென்பொருளில் 40000 என்றே கொடுக்கணும்.) மதியம் அப்படியே வந்தது. ஆக, கோளாறு ஒயரில்.

ஏ.சி., டி.சி. இரண்டையும் நிறுத்திவிட்டு, கீழ்முனையில் ஏ-பி நடுவே மல்ட்டிமீட்டர் வைத்தேன். ஒயரின் இரு முனையிலும், சிக்னல் எதிரொலிக்காமலிருக்க, ஏ-பி நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சுமார் 60 காட்டணும். மதியம் 60, விடியற்காலையில் 120! மாடி முனை விட்டுப்போகிறது. டெர்மினலைத் திறந்தால் பச்சைப் பூப்பு. கடல் உப்புக்காற்றின் வேலை. சூடேறினால் தொடும், குளிர்ந்தால் விடும்.

செம்பின் கறுப்பு உறைக்குள் ஒரு சாண் தூரம் ஓடியிருந்தது. பளபளப்பு தெரியும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய ‘பின்’ வகை லக் (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) அடித்து, டெர்மினலையும் மாற்றினேன். ஷீல்டுக்கு (ஒயரைச் சுற்றிய உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த். தண்ணீர் உள்ளே போகாமலிருக்க, கிளாண்ட் (பெட்டியில் ஒயர் நுழையும் வாய்) கீழ்நோக்கி, ஒயர் தொங்கலாக.

இப்போது விடியற்காலையிலும் 60, அப்பாடா. உங்களுக்கு 40 காட்டினால், அதே ஒயரில் நடுவே மாட்டிய ஏதோ மின்சார மீட்டரின் டிப் ஸ்விட்ச்சில் (கருவியிலுள்ள குட்டி ஸ்விட்ச்) மூன்றாவது 120 ஓம் ஆனில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள்.