பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தைத் திறக்க வைப்பது எப்படி?

கூடம் கட்டி வருஷக்கணக்காகியிருக்கும். கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் பழைய தலைவரின் மச்சான் வீட்டைக் கை காட்டுவார்கள். வளைகாப்பு, காதுகுத்து வைப்பவர்களோ பக்கத்து டவுன் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த நிலையை மாற்றுவதற்கான வழியைத் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளை வைத்துச் சொல்கிறோம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கவுன்சிலர், பகுதி சபை என்று பாதை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூட்டை ஒரு நாள் திறக்க வைப்பது பெரிய காரியமில்லை. ஆறு மாதம் கழித்தும் அது திறந்திருக்க வேண்டுமே, அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "கூடத்தைத் திறந்து விடவும்" என்று மட்டும் மனு எழுதினால் திறப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுபடி பூட்டுவார்கள். சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, கூட்டிப் பெருக்குவது யார் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

முதல் வேலை: கல்வெட்டைப் படியுங்கள்

கூடத்தின் முகப்பில் கல்வெட்டோ பெயின்ட் அடித்த பலகையோ இருக்கும். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் அதிலேயே இருக்கும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி, நமக்கு நாமே, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். நமக்கு நாமே என்றால் ஊர் மக்களின் பங்குத்தொகையும் அதில் கலந்திருக்கிறது. பேசும்போது இது கைகொடுக்கும். தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) கட்டியது என்றால் ஊராட்சிக்கு ஒப்படைத்தாகிவிட்டதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஊராட்சி செயலரிடம் வாய்வார்த்தையாகவே கேளுங்கள்: ஏன் பூட்டியிருக்கிறது? அநேகமாகக் கீழ்க்கண்டவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். திறப்பு விழாவுக்குப் பெரிய ஆள் வரும் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள். ஒன்றியப் பொறியாளர் கட்டி முடித்தும் ஊராட்சியிடம் முறைப்படி ஒப்படைக்கவில்லை. மின் இணைப்பு பாக்கியில் துண்டிக்கப்பட்டிருக்கிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. அல்லது பிளீச்சிங் பவுடர் மூட்டை, பழைய தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் அதுவே குடோன். காரணத்தைப் பொறுத்துத்தான் யாரிடம் போவது என்பது முடிவாகும்.

மேல்தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் திறக்கச் சொல்லாதீர்கள். கட்டடத்தின் உறுதித்தன்மையை ஒன்றியப் பொறியாளர் ஆய்வு செய்து எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது வேலை: தகவல் உரிமை மனு

செயலர் சொன்னது உண்மையா என்பது காகிதத்தில்தான் தெரியும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1)இன் கீழ் மனு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம், உங்கள் ஒன்றியத்தின் பெயர். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தால்தான். "ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இப்படி:

1. மேற்படி சமுதாயக் கூடம் கட்ட வழங்கப்பட்ட நிர்வாக அனுமதி ஆணையின் நகல்.
2. கட்டடம் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதற்கான ஆவணத்தின் நகல்.
3. ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இக்கட்டடம் பதியப்பட்டுள்ள பக்கத்தின் நகல்.
4. வாடகை நிர்ணயித்த ஊராட்சித் தீர்மானத்தின் நகல்.
5. கடந்த 3 நிதியாண்டுகளில் வாடகை வசூலித்த ரசீதுகள், பராமரிப்புச் செலவுச் சீட்டுகள், மின்கட்டண ரசீதுகளின் நகல்.

நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. 5வது கேள்வியைப் பார்த்ததுமே சாவி நகர ஆரம்பிக்கும் ஊர்கள் உண்டு. பூட்டியே கிடக்கும் கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு எழுதியிருந்தால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது வேலை: கிராம சபைத் தீர்மானம்

கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்தான். அழைப்பிதழ் வரவில்லை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

கூட்ட அறிவிப்பு 7 நாளுக்கு முன்பு வர வேண்டும் என்பதால், உங்கள் பொருளைச் சேர்க்கச் சொல்லும் கடிதத்தை 10, 15 நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியுடன் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத இடத்தில் கடிதத்தைத் தனி அலுவலருக்கு எழுத வேண்டும்.

ஆள் சேர்ப்பதை அசட்டையாக விடாதீர்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். குறைவெண் வரம்பு இல்லாமல் போட்ட தீர்மானத்தைப் பின்னால் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கூடம் இருந்தால் அதிகம் பயன்படுத்தப் போகிறவர்கள் மகளிர் குழுக்காரர்கள். அவர்களிடம் ஒரு வாரத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

எல்லாரும் ஏமாறுகிற இடம் கையெழுத்து நோட்டு. கூட்டம் தொடங்கும்போதே நோட்டு சுற்றி வரும், மக்கள் போட்டுவிட்டுப் போவார்கள், தீர்மானம் சாயங்காலம் அலுவலகத்தில் எழுதப்படும். தீர்மானத்தை எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். வாசகத்தை நீங்களே தயாராகக் கொண்டுபோவது இன்னும் நல்லது:

"மேற்படி சமுதாயக் கூடத்தை 30 நாட்களுக்குள் பொதுப் பயன்பாட்டுக்குத் திறப்பது, சாவியை ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் வைப்பது, முன்பதிவுப் பதிவேடு பராமரித்து, சாதி, மத, கட்சி வேறுபாடின்றி முதலில் பதிவு செய்பவருக்கு முதலில் வழங்குவது, ரசீதின்றி எத்தொகையும் பெறாதது, வாடகை விவரத்தைக் கூடத்தின் முகப்பில் எழுதி வைப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

தேதி இல்லாத தீர்மானம் தூங்கும். "விரைவில்", "ஆவன செய்ய" என்ற சொற்களை எழுத விடாதீர்கள்.

வாடகையைக் கணக்குப் போட்டு வையுங்கள்

இலவசம் என்றால் கேட்க நன்றாக இருக்கும், இரண்டாவது கரண்ட் பில்லிலேயே கூடம் மூடிவிடும். ஒரு கணக்கு: வெள்ளையடிப்பு, பைப், ஸ்விட்ச் பழுது என்று ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆகும், 40 நிகழ்ச்சி நடக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிகழ்ச்சிக்கு 500. துப்புரவுக்கு ஆள்கூலியைத் தனியாகச் சேருங்கள். மின்சாரத்தை வாடகையில் கலக்காதீர்கள். சாவி கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் மீட்டர் ரீடிங்கைப் பதிவேட்டில் எழுதி, யூனிட் கணக்கில் வாங்குங்கள். சீரியல் செட்டும் மைக் செட்டும் போட்டவருக்கும், நாலு டியூப் லைட்டில் குழுக் கூட்டம் நடத்தியவருக்கும் ஒரே தொகை என்றால் சண்டை வரும். மகளிர் குழு, மருத்துவ முகாம், மாணவர் படிப்பு இவற்றுக்கு வாடகை இல்லை என்று தீர்மானத்திலேயே சேர்க்கலாம்.

தீர்மானம் போட்டும் அசையவில்லையா?

தீர்மான நகலுடன் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (கிராம ஊராட்சி) மனு கொடுங்கள். ஊராட்சிப் புகார்களுக்கான ஊராட்சி மணி தொலைபேசி 155340, முதல்வர் உதவி மையம் 1100 இரண்டிலும் பதிவு செய்து, மனு எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்தது திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். நூறு பேர் கையெழுத்தை விட, தேதியிட்ட மூன்று ஒப்புகைகள் அங்கே அதிகம் எடுபடும்.

கூடத்தைச் சாதி பார்த்து மறுக்கிறார்கள் என்றால் இந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை. அது நிர்வாகக் குறை இல்லை, குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மறுத்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். முன்பதிவு மறுத்த தேதியையும் சொன்னவர் பெயரையும் சாட்சியையும் அன்றே எழுதி வையுங்கள்.

படியை மறந்துவிடாதீர்கள்

கதவு திறந்தும் சக்கர நாற்காலிக்காரரும் முழங்கால் வலிக்காரரும் வெளியிலேயே நிற்கிறார்கள் என்றால் பாதி வேலை பாக்கி. சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். பேஸ்மட்டம் ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தள நீளம் 18 அடி. அகலம் 4 அடி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. இடம் போதாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். நடைமுறையில் 6 அடியில் முடித்துவிடுவார்கள். அது டூ வீலர் ஏற்றத்தான் ஆகும். கலவை கொட்டுவதற்கு முன்பே, நூல் கட்டியிருக்கும்போது, டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள். காய்ந்த பிறகு யாரும் உடைத்துத் திரும்பக் கட்ட மாட்டார்கள்.