கம்பெனி இங்க்கா, வெளி இங்க்கா?

இங்க் டேங்க் பிரிண்டரில் விலையைப் பார்க்கும் முன் இங்க் வகையைப் பாருங்கள். எப்சன் எல்3110 எடுப்பது 003 இங்க். கேனான் ஜி2010-இன் ஜிஐ-790 கறுப்போ பிக்மென்ட் (தண்ணீரில் கரையாத நுண்துகள் இங்க்); அதன் மற்ற மூன்று நிறங்களும் டை (தண்ணீரில் கரையும் சாய இங்க்). 'எல்லா பிரிண்டருக்கும்' என்று விற்கும் டை கறுப்பை இந்த கேனானில் ஊற்றினால், மிச்சமிருக்கும் பிக்மென்டோடு கலந்து கட்டிதட்டி, தாளில் இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டை அடைக்கலாம். வெளி (வேறு நிறுவன) பாட்டிலில் வகையும் மாடலும் அச்சிட்டிருக்காவிட்டால் வாங்கவே வேண்டாம்.

சந்தேகமா? அச்சிட்ட கறுப்பு எழுத்தை நன்றாகக் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்து பரவினால் டை.

வாரண்டி முடியும்வரை கம்பெனி இங்க்தான் நல்லது. வேறு இங்க்கால் வந்த பழுதைப் பொதுவாக வாரண்டியில் ஏற்பதில்லை. எப்சனில் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே பொருத்தப்பட்டது, மாற்றுவது பெருஞ்செலவு. கேனான் ஜி வரிசையில் ஹெட்டைக் கழற்றி மாற்றலாம், அதனால் அங்கே கொஞ்சம் துணியலாம்.

வெளி இங்க் ஊற்றுவதென்றால் டேங்க் கீழ்க்கோட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். அதற்கும் கீழே இறங்கவிட்டால் குழாயில் காற்று புகும். ஊற்றியதும் நாசில் செக் (எல்லா நிறமும் விடாமல் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு) எடுங்கள், மறுநாளும் எடுங்கள். கோடு விட்டுப்போனால் ஹெட் கிளீனிங் இரண்டு மூன்று முறை போதும். பிறகு பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டுப் பாருங்கள். விடாமல் கிளீனிங் போட்டால் கழிவு இங்க்கை உறிஞ்சும் வேஸ்ட் பேட்தான் நிரம்பும்.

சுவரில் மாட்டும் போட்டோவுக்கு மட்டும் வெளி டை வேண்டாம், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.