பள்ளியைப் பாதியில் விட்டவரை யூத்பில்டில் சேர்த்து டிப்ளமோ (ஹைஸ்கூல் முடித்த சான்றிதழ்) வாங்க வைப்பது எப்படி?

அமெரிக்காவில் ஹைஸ்கூலைப் பாதியில் விட்ட 16 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு யூத்பில்ட் என்ற பயிற்சித் திட்டம் நல்ல வழி. ஏழைக் குடும்பங்களுக்கான வீடுகளைக் கட்டிக்கொண்டே படிக்கலாம். அந்தக் கட்டுமானமே தொழிற்பயிற்சி, அதுவே சமூக சேவை. தொழிலாளர் துறை நிதியில் நடக்கும் மையங்களில் குறைந்தது பாதி நேரம் வகுப்புக்குப் போகும். காலம் 6 முதல் 24 மாதம்.

முதல் வேலை, பழைய பள்ளியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பதிவு) வாங்குவது. 18 வயது ஆகிவிட்டால் மாணவரே கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். டிப்ளமோவுக்கு எத்தனை கிரெடிட் (முடித்த பாடத்துக்குத் தரும் புள்ளி) குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் டிப்ளமோவே தரும் மையத்தைத் தேடுங்கள். சில மையங்கள் சார்ட்டர் பள்ளியாகவே, அதாவது அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் இயங்கும் பள்ளியாகவே, நடக்கின்றன. நிறையக் குறைந்து, வயதும் ஏறியிருந்தால் டிப்ளமோவுக்கு இணையான ஜிஇடி தேர்வு சீக்கிரம் முடியும். நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 145 எடுக்க வேண்டும். தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும். மாநிலத்தைப் பொறுத்து இதேபோன்ற ஹைசெட் தேர்வும் உண்டு.

"முடித்தால் கையில் எந்தச் சான்றிதழ் வரும்?" என்று மையத்தில் நேராகவே கேளுங்கள். ராணுவத்தில் சேர நினைப்பவருக்கு இது முக்கியம். அங்கே டிப்ளமோவுக்குத்தான் முன்னுரிமை, ஜிஇடி அடுத்த தட்டு.

பள்ளியை விட்டது மட்டும் தகுதி ஆகாது. குறைந்த வருமானம், ஃபாஸ்டர் கேர் (அரசு ஏற்பாட்டில் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்வது), குற்ற வழக்கு, உடல்குறைபாடு, சிறையிலிருக்கும் பெற்றோர் போன்றவற்றில் ஒன்றுக்காவது ஆதாரம் வேண்டும். விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அதற்கு உள்ள இடங்கள் கால்வாசிக்கு மேல் போகாது.

தொடக்கத்தில் சில வாரம் 'மென்டல் டஃப்னஸ்' என்ற சோதனைக் கட்டம். நேரத்துக்கு வருகிறாரா என்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். பஸ் வசதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இரண்டையும் சேர்வதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். படிப்பில் கெட்டிக்காரர்கள்கூட இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மையம் அமெரிகார்ப்ஸ் என்ற அரசு சமூக சேவைத் திட்டத்தோடு இணைந்திருந்தால் சேவை மணிக்கணக்குக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. 300, 450, 900 என ஒப்பந்தத்தில் மணி குறித்திருப்பார்கள். டைம்ஷீட்டை வாரா வாரம் நிரப்பி, மேற்பார்வையாளர் கையெழுத்தானதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் மணி குறைகிறது என்று தெரிந்தால் சரிக்கட்ட நேரம் இருக்காது. பள்ளிச் சான்றிதழ் வந்த பிறகுதான் அந்தப் பணத்தைத் தொட முடியும். ஏழு ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். செலவழிக்கும் ஆண்டில் அது வருமான வரிக் கணக்கில் வரும்.

பாதியில் வேலை கிடைத்துக் கிளம்புவதுதான் பெரிய இழப்பு. கடும் நோய் போன்ற காரணமிருந்து, 15 சதவீத மணியாவது முடித்திருந்தால் விகிதப்படி தொகை வரும். வேலை கிடைத்தது என்பதைப் பொதுவாக அப்படிப்பட்ட காரணமாக ஏற்க மாட்டார்கள். மணி முடியும்வரை பகுதிநேரமாக வருகிறேன் என்று முதலாளியிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.