உவேனோவில் போன்சாய்: பார்ப்பதும் படமெடுப்பதும்

டோக்கியோ உவேனோ பூங்காவின் பெருநகரக் கலை அருங்காட்சியகத்தில் பிப்ரவரியில் நடக்கும் கொகுஃபு, தொட்டியில் குறுக்கி வளர்த்த போன்சாய் மரங்களின் கண்காட்சி; 1934-இல் தொடங்கியது. இரண்டு பகுதிகளாக நடக்கும். நடுவில் மரங்களை மாற்றிவிடுவார்கள்.

குளிர்காலம் என்பதால் மேப்பிளும் ஜெல்கோவாவும் இலையில்லாமல் நிற்கும். நரம்புபோல் பிரிந்து பிரிந்து மெலியும் கிளைகள் அப்போதுதான் முழுசாகத் தெரியும். பூத்த மரத்தைவிட எனக்கு இதுதான் உசத்தி.

கேமரா முதலில் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் வளர்த்தவர் தேர்ந்த முன்பக்கம் உண்டு. அதற்கு நேரே நின்று, கொஞ்சம் குனிந்து, வேரிலிருந்து உச்சிவரை நிதானமாகப் பாருங்கள்.

படமெடுக்கலாமா என்று வாசலிலேயே கேளுங்கள். கூடாது என்றால் கூடாதுதான். அனுமதித்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸைத் தண்டின் நடு உயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் ஓங்கிய பைன்கூட குட்டிச்செடியாகிவிடும். அகலக் காட்சி தரும் வைட் லென்ஸ் முன்கிளையை ஊதிக்காட்டும், ஆகவே பின்னால் தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில் எடுங்கள். ஜூனிப்பரின் பட்டுப்போன வெள்ளைக் கட்டை வெளிறிப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, 2/3 ஸ்டாப் குறையுங்கள். தொட்டியையும் மேசையையும் ஓரத்தில் வெட்டிவிடாதீர்கள், அவையும் மரத்துக்காகவே தேர்ந்தவை.

மறுநாள் நேரம் கிடைத்தால் பக்கத்து மாநிலமான சைத்தாமாவின் ஓமியா போன்சாய் கிராமத்துக்கு ரயிலேறுங்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவிலிருந்து பெயர்ந்த வளர்ப்பாளர்கள் அமைத்த ஊர் அது.