சைகைமொழி கற்று உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிப்படைச் சைகைமொழி வகுப்பை முடித்த கையோடு, காதுகேளாதவர்களுக்குத் துணையாக வங்கிக்கும் மருத்துவமனைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகிற இளைஞர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் விழுந்த அதே குழிகளில் ஒவ்வொரு புதுக் குழுவும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 'செவிடு', 'ஊமை' என்று சொல்லாதீர்கள், காதருகே போய்க் கத்தாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்.

"புரிந்ததா?" என்று கேட்பது

எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர், பிறவியிலேயே காது கேளாதவர். கூட வேலை பார்த்தவர் கடன் வாங்கினார். ஜாமீன் கையெழுத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். துணைக்குப் போனது வகுப்பு முடித்த ஒரு தம்பி. நிதி நிறுவன அலுவலர் நிபந்தனைகளை மளமளவென்று படித்தார். தம்பி 'கடன்', 'நண்பர்', 'கையெழுத்து' என்று சைகை காட்டிவிட்டு, "புரிந்ததா?" என்றார். தச்சர் தலையாட்டினார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்களில் நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார். நோட்டீஸ் தச்சர் வீட்டுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவரிடம், "என்ன என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "சாட்சி" என்றார். கல்யாணப் பதிவுக்குப் போடுவோமே, அதே மாதிரி என்று நினைத்திருக்கிறார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, கடனாளிக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கையெழுத்தோ அவருடையதேதான். மொழிபெயர்க்க ஆள் வேறு உடனிருந்திருக்கிறார். என்ன வாதாடுவது?

தம்பியைக் கேட்டால், "திரும்பத் திரும்பக் கேட்டேனே அண்ணா, தலையாட்டினாரே" என்கிறார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில், சைகையில் பேசும்போது எதிரில் இருப்பவர் தலையாட்டுவது நாம் போனில் 'ம்' கொட்டுவது போன்றதுதான். 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அடுத்து, தலையாட்டுவது பலருக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன தற்காப்பு. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. அந்த முறை உலகமெங்கும் பரவியது, நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியரின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் 'பணம்' என்றாலும் 'மணம்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். தலையாட்டினால் ஆசிரியர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். வீட்டிலும் இதே கதைதான். எல்லோரும் சிரிக்கும்போது "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்" என்ற பதில்தான் வரும். அப்படி வளர்ந்தவர், லீவு போட்டுவிட்டுத் தனக்காக வந்திருக்கும் ஒரு தம்பியிடம் 'புரியவில்லை' என்று சொல்லிவிடுவாரா?

"பத்திரம் தமிழில்தானே இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியுமே" என்றது அந்த நிறுவனம். ஒரு மொழியைக் காதால் கேட்காமல் எழுத்திலிருந்து மட்டும் கற்றவருக்கு 'மேற்படி கடனாளி செலுத்தத் தவறும் பட்சத்தில்' என்ற வரி எப்படி இருக்கும்? 'கடனாளி', 'செலுத்த' என்ற இரண்டும் தெரிந்திருக்கும். மற்றது வெறும் எழுத்து. காதுகேட்கும் நமக்கே பத்திரத் தமிழ் புரிவதில்லை.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? 'ஜாமீன்' என்பதற்கு ஒற்றைச் சைகையைத் தேடாதீர்கள், காட்சியாக ஆக்குங்கள். உங்களுக்கு வலப்பக்கம் காற்றில் நிதி நிறுவனத்தை வையுங்கள். இடப்பக்கம் நண்பர். நடுவில் தச்சர். பணம் வலமிருந்து இடம் போகிறது. மாதாமாதம் இடமிருந்து வலம் திரும்புகிறது. திடீரென்று இடப்பக்கம் காலி. வலப்பக்கம் இருப்பவர் திரும்பி நடுவில் இருப்பவரைப் பார்க்கிறார், கை நீட்டுகிறார். இதைச் செய்தாலே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும்.

அதோடு நிறுத்தாமல், "நண்பர் கட்டவில்லை. நிறுவனம் யாரிடம் வரும்? எவ்வளவு கேட்கும்?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். அவர் தன் கையால் முழுவதையும் திருப்பிச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அலுவலர் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். பேனாவை நீட்டினால், "இன்னும் முடியவில்லை சார்" என்று சொல்வதும் உங்கள் வேலைதான். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும் இடத்திலும் இதே முறைதான். அங்கே போவது பணம் மட்டுமாக இருக்காது.

பிள்ளையை மொழிபெயர்க்க விடுவது

காதுகேளாத பெற்றோரின் காதுகேட்கும் பிள்ளைகள் சைகையில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 'அதான் பாப்பா இருக்கிறாளே' என்று புதியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை அந்தப் பாப்பா எப்படிச் சொல்வாள்? பயத்தில் பாதியை விழுங்கிவிட்டு, "மாத்திரை சாப்பிடச் சொன்னாங்க" என்பாள். கடையிலோ பேருந்திலோ என்றால் பரவாயில்லை. மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் என்றால் பிள்ளையை வெளியே உட்கார வையுங்கள்.

யூடியூபில் அமெரிக்கச் சைகை பழகுவது

அமெரிக்கர்கள் எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள். இந்தியச் சைகைமொழியில் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கான அகராதியைக் காணொலிகளாக வெளியிட்டிருக்கிறது. அதைப் பாருங்கள். அதிலும் ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும் என்பதால், உங்கள் ஊர்க் காதுகேளாதோர் சங்கத்துக்கு விடுமுறை நாளில் போய் உட்கார்ந்து கொஞ்சம் கேலிக்கு ஆளாகிவிட்டு வருவதே உத்தமம்.

பூப்போட்ட சட்டை, ஜன்னலுக்கு முதுகு

இரண்டும் கூடாது. கை தெளிவாகத் தெரியாது.

நாள் முழுக்க நடக்கும் கூட்டத்துக்கு ஒரே மொழிபெயர்ப்பாளர்

20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மறுத்தால் போகாதீர்கள்.

செப்டம்பர் 23 விழா மேடை

சர்வதேச சைகைமொழிகள் தினம். மேடை நிறைய காதுகேட்பவர்கள். வேறென்ன சொல்ல?

அவருக்காக நீங்கள் பேசுவது

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனதும் மனுவை வாங்கி நீங்களே நீட்டி, "இவருக்கு என்ன வேணும்னா சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியாக முன்னிலையானபோது, வழக்கறிஞர் அவர்தான்; மொழிபெயர்ப்பாளர் கைக்கும் குரலுக்கும் நடுவே இருந்தார், அவ்வளவுதான். ஆட்சியர் அலுவலகத்திலும் மனுதாரர் முன்னால் நிற்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள்.

மனுவிலும் 'அனைத்து வசதிகளும் செய்து தர வேண்டுகிறோம்' என்று எழுதாதீர்கள். அதை யாரும் செய்ய முடியாது, அதனால் யாரும் செய்ய மாட்டார்கள். 'மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டோக்கன் எண்ணைத் திரையில் காட்ட வேண்டும்' என்பதுபோல் ஒன்றைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

கைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'அழைக்க வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்பவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்திலிருந்து போன் அடிப்பார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள், 'மனுதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்துவிடுவார்கள்.